திரித்த கயிறும் திரிந்த பாலும்: பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுப்பது எப்படி?

பொள்ளாச்சிப் பக்கத்தில் தேங்காய் நாரில் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு முறுக்கின் குணம் தெரியும். திரித்த கயிற்றின் முனை திறந்திருந்தால், இரண்டு புரிகளையும் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து இழுத்துப் பிரித்துவிடலாம். அதே கயிற்றின் இரு முனைகளிலும் புரியோடு புரியைச் சேர்த்துப் பின்னி ஒரு வளையமாக்கிவிட்டால், அறுக்காமல் அந்தப் புரிகளைப் பிரிக்க யாராலும் இயலாது. மூலக்கூறு உயிரியல் ஆய்வகங்களில் அன்றாடம் நடக்கும் பிளாஸ்மிட் சுத்திகரிப்பு என்னும் வேலை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டை நம்பியே நடக்கிறது.

பாக்டீரியாவின் முதன்மை மரபுத்தொகுதிக்கு வெளியே, தன்னைத் தானே நகலெடுத்துக்கொண்டு வாழும் சிறிய டி.என்.ஏ. வளையத்தையே பெரும்பாலும் பிளாஸ்மிட் என்கிறோம். இந்தப் பெயரை 1952-இல் சூட்டியவர் அமெரிக்க மரபியலாளர் ஜோசுவா லெடர்பெர்க். கொங்கு நாட்டுப் பருத்தி விவசாயிகள் பி.டி. பருத்தி என்ற பெயரை நன்கு அறிவார்கள். இந்தியாவில் அதற்கு 2002-இல் அனுமதி கிடைத்தது. இப்படி ஒரு பயிருக்குள் புதிய மரபணுவைச் செலுத்த விரும்பினால், வழக்கமாக அதனை முதலில் ஒரு பிளாஸ்மிட்டில் ஒட்டி, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் விட்டுப் பெருக்கி, மீண்டும் தூய்மையாக வெளியே எடுத்தாக வேண்டும். வெளியே எடுப்பதில்தான் சிக்கல். ஈ.கோலையின் முதன்மை மரபுத்தொகுதியான குரோமோசோம் ஏறத்தாழ 46 லட்சம் காரஇணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) நீளமுடையது. நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மேல் வரும் அந்த நூல், 2 மைக்ரான் நீளமுள்ள செல்லுக்குள் அடைந்து கிடக்கிறது. ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் பியூசி19 என்னும் பிளாஸ்மிட்டோ வெறும் 2,686 காரஇணைகள்தான்; ஆனால் ஒவ்வொரு செல்லிலும் நூற்றுக்கணக்கான நகல்கள் இருக்கும். இரண்டும் டி.என்.ஏ.; வேதியியல் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. அவற்றை எதைக் கொண்டு பிரிப்பது?

1967-இல் ஆய்வாளர் வினோகிராடும் அவருடைய கூட்டாளிகளும் காட்டிய வழி, எதிடியம் புரோமைடு சாயத்தைச் சேர்த்து, சீசியம் குளோரைடு கரைசலில் மிகுவேக மையவிலக்கியில் சுழற்றுவது. தூய்மைக்குக் குறைவில்லை என்றாலும் சில சமயம் இரண்டு நாள்கூட ஆகும். 1979-இல் பிர்ன்பாயிம், டோலி என்ற இருவர் வெளியிட்ட காரமுறைச் சிதைப்பு, அதாவது செல்லைக் காரத்தால் உடைத்து மூன்று கரைசல்களில் பிளாஸ்மிட்டைப் பிரிக்கும் முறை, அந்த வேலையை ஒரு மணி நேரத்துக்குள் அடக்கியது. இன்று பெட்டிகளில் விற்கும் பெரும்பாலான தொகுப்புகளிலும் உள்ளே இருப்பது அந்த மூன்று கரைசல்களின் கொள்கையே, லேபிள்தான் வேறு.

முந்தைய நாள் மாலை ஆம்பிசிலின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி கலந்த வளர்ப்பு ஊடகத்தில் பாக்டீரியாவை விட்டு, 37 டிகிரி செல்சியசில் இரவெல்லாம் குலுக்கியபடி வளர்ப்பார்கள். பிளாஸ்மிட்டில் ஆம்பிசிலினை எதிர்க்கும் மரபணு இருப்பதால், பிளாஸ்மிட்டைத் தொலைத்த செல் அதில் பெருக முடியாது. காலையில் ஒன்றரை மில்லிலிட்டரை எடுத்து மையவிலக்கியில் சுழற்றினால், குழாயின் அடியில் வெளிர்மஞ்சள் பொட்டாகச் செல்கள் படியும். அதனை முதல் கரைசலில் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். இதிலுள்ள இடிடிஏ, மெக்னீசியம் போன்ற அயனிகளைப் பற்றிக்கொள்கிறது. அதனால் செல்லின் வெளிச்சவ்வு தளர்கிறது, டி.என்.ஏ.வை அரிக்கும் நொதிகளுக்கும் வேலை செய்ய மெக்னீசியம் கிடைப்பதில்லை.

இரண்டாவது கரைசலில் 0.2 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடும் ஒரு சதவீத எஸ்.டி.எஸ். என்னும் சோப்புப் பொருளும் உள்ளன. சோப்பு சவ்வைக் கரைக்கிறது, காரம், பி.எச். அளவை 12-க்கு மேலே கொண்டுபோய், டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் பிணைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளை அறுக்கிறது. கலங்கலாக இருந்த நீர்மம் சட்டென்று தெளிந்து, வெண்டைக்காயை நறுக்கிய கத்தியில் ஒட்டும் கொழகொழப்பைப் போல இழுபடும். அந்தக் கொழகொழப்பு குரோமோசோம் டி.என்.ஏ. வெளியே வந்துவிட்டதற்கான அடையாளம். இந்த இடத்தில் அவசரப்பட்டுக் குழாயை உதறினால் குரோமோசோம் சிறு துண்டுகளாக நறுங்கிப் பிளாஸ்மிட்டோடு கலந்துவிடும். பிறகு எந்த வித்தையாலும் அதை முழுதாகப் பிரிக்க முடியாது. நான்கைந்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். ஐந்து நிமிடத்துக்கு மேல் விடவும் கூடாது: காரத்தில் அதிக நேரம் கிடந்தால் பிளாஸ்மிட்டும் மீள முடியாதபடி உருக்குலைந்து, டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகளுக்கு அடங்காத பொருளாகிவிடும்.

இந்தக் கரைசலிடம் நான் ஏமாந்த கதையும் உண்டு. ஒரு மார்கழிக் காலையில், கோவையில் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குளிர்ந்திருந்த நேரத்தில், புட்டியில் வெண்மையாக ஏதோ படிந்திருந்ததைக் கவனிக்காமல் மேலாக இருந்த தெளிவை எடுத்து ஊற்றினேன். குளிரில் எஸ்.டி.எஸ். கரைசலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கியிருந்தது. நான் ஊற்றியது ஏறக்குறைய வெறும் காரம். பன்னிரண்டு குழாய்கள் வீணாயின. புட்டியைச் சற்று நேரம் வெதுவெதுப்பான நீரில் வைத்திருந்தால் தெளிந்திருக்கும்.

மூன்றாவது கரைசல், அசிட்டிக் அமிலம் சேர்த்த பொட்டாசியம் அசிடேட். ஆய்வகத்தில் முதல் முறையாக இதைச் சேர்த்த மாணவி ஒருத்தி பதறிப்போய், "சார், பால் திரிஞ்ச மாதிரி ஆயிருச்சுங்க, கெட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டாள். கெடவில்லை, அதற்காகத்தான் அதைச் சேர்ப்பதே. சோடியத்தோடு இருந்தவரை நீரில் கரைந்திருந்த அந்தச் சோப்பு, பொட்டாசியத்தோடு சேர்ந்ததும் கரையாத உப்பாகி வெண்ணிறத் திரளாகப் பிரிகிறது; தன்னோடு ஒட்டியிருந்த புரதங்களையும் இழுத்துக்கொள்கிறது. அதே கணத்தில் அமிலம் காரத்தை முறித்துவிடுவதால், பிரிந்த இழைகள் தத்தம் துணையைத் தேடத் தொடங்குகின்றன. பியூசி19 வளையத்தின் இரு இழைகளும் ஒன்றையொன்று சுமார் 250 முறை சுற்றியவை. இரு முனைகளும் மூடியிருப்பதால் காரத்திலும் அவை ஒன்றைவிட்டு ஒன்று போயிருக்கவில்லை. எனவே நொடியில் பழையபடி பொருந்திக் கரைசலிலேயே நின்றுவிடுகின்றன.

இங்கே கூர்மையான வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம்: ஈ.கோலையின் குரோமோசோமும் வளையம்தானே, அது ஏன் அப்படிப் பொருந்துவதில்லை? செல் உடையும்போதே அந்தப் பெரும் வளையம் பல இடங்களில் அறுந்துவிடுகிறது. அறுந்தால் அது முனை திறந்த கயிறு, காரத்தில் இழைகள் தனித்தனியே விலகிவிடும். மிக நீளமான அந்த இழைகள் திடீரென நடுநிலைக்கு வரும்போது, சரியான துணையைக் கண்டடைய நேரமில்லாமல், கிடைத்த இடத்தில் கிடைத்ததோடு பிணைந்து, தறிக்காரர் தலையில் அடித்துக்கொள்ளும் நூல் சிக்காகிவிடுகின்றன. அந்தச் சிக்கு வெண்திரளில் மாட்டிக்கொள்கிறது. மறுபடி சுழற்றினால் திரள் அடியில் இறுகும். பிளாஸ்மிட் மேலே தெளிந்த நீரில் இருக்கும். கயிற்றைத் திரிப்பதற்கும் பால் திரிவதற்கும் தமிழில் ஒரே சொல் அமைந்திருப்பது இந்தக் குழாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரும்.

மற்றவை விரைவாக முடியும். தெளிந்த நீரில் ஆல்கஹால் சேர்த்து டி.என்.ஏ.வைப் படிய வைக்கலாம். அல்லது குவானிடின் போன்ற உப்பைச் செறிவாகக் கலந்து சிலிக்கா தகடு பொருத்திய சிறு குழாய் வழியே விடலாம். அந்த உப்பு, சிலிக்காவையும் டி.என்.ஏ.வையும் சூழ்ந்திருக்கும் நீர்ப்போர்வையை விலக்குவதால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. எத்தனாலால் கழுவி, உப்புக் குறைந்த டிரிஸ் கரைசலை விட்டால் டி.என்.ஏ. கழன்று வரும். கோவைக்காரர்கள் பெருமையோடு ஊருக்கெல்லாம் சொல்லும் சிறுவாணித் தண்ணீர்கூட இங்கே உதவாது. குழாய்த் தண்ணீரில் அயனிகளும் டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகளும் இருக்கக்கூடும். ஆர்.என்.ஏ.வை அகற்ற ஆர்.என்.ஏஸ் என்னும் நொதியை முதல் கரைசலிலேயே கலந்துவிடுவது வழக்கம்.

கிடைத்ததன் தரத்தை ஒளியைக் கொண்டு அளப்பார்கள்: 260 நானோமீட்டரில் உறிஞ்சும் அளவை 280-இல் உறிஞ்சும் அளவால் வகுத்தால் 1.8-ஐ ஒட்டி வர வேண்டும். அந்த எண்ணை மட்டும் நம்புவது எனக்கு உடன்பாடில்லை, குரோமோசோம் டி.என்.ஏ. கலந்திருந்தாலும் அது 1.8 என்றே காட்டும். அகரோஸ் கூழில் உள்ள குழியில் மாதிரியை விட்டு, மின்சாரம் பாய்ச்சி ஓட்டிப் பார்ப்பதே உறுதி. கழுவிய எத்தனால் முழுதும் காயாமல் இருந்தால், நீலச் சாயம் கலந்த மாதிரி குழிக்குள் அமராமல் பிப்பெட் முனையை விட்டதும் நீல நூலாக மேலே மிதந்து போய்விடும். ஒழுங்காக அமர்ந்து ஓடினால், முறுக்கேறிச் சுருண்ட வளையம் இறுக்கமாக இருப்பதால் முன்னால் ஓடும். ஓரிழையில் கீறல் விழுந்து முறுக்கு தளர்ந்த வளையம் பின்தங்கும். இரண்டு இழையும் அறுந்து நேராகிப்போனது பெரும்பாலும் நடுவில் நிற்கும். அந்தப் பதறிய மாணவியின் கூழில் முன்னால் ஒரே ஒரு தடித்த பட்டை இருந்தது. பின்னால் மங்கலாக ஒரு கோடு, குழியருகே எதுவும் இல்லை.