டிக்கெட் போட்ட அன்றே தொடங்கிவிடுகிற ஊட்டி

ரயில் டிக்கெட்டை 120 நாட்களுக்கு முன்பே எடுத்து வைக்கலாம் என்று இருந்ததை 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களாகக் குறைத்துவிட்டார்கள். ரொம்ப முன்னாலேயே எடுத்துவிட்டு அப்புறம் ரத்து செய்கிறவர்கள் அதிகம் என்பது ரயில்வே சொன்ன காரணங்களில் ஒன்று, நியாயமான காரணம்தான். ஆனால் மே மாதம் பிள்ளைகளோடு ஊட்டிக்குப் போக நினைக்கிற ஒரு சென்னைக் குடும்பத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் 60 நாள் சந்தோஷம் காணாமல் போய்விட்டது. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சுற்றுலா தருகிற மகிழ்ச்சியில் பெரும்பங்கு கிளம்புவதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிடுகிறது என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

நெதர்லாந்தில் ஜெரோன் நாவைன் என்பவரும் அவருடைய குழுவினரும் 1,530 பேரிடம் எடுத்த ஆய்வு 2010இல் வெளியானது. அவர்களில் 974 பேர் விடுமுறைக்கு எங்காவது போனவர்கள், மற்றவர்கள் வீட்டிலேயே இருந்தவர்கள். போகப்போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். சரி, திரும்பி வந்த பிறகு? பெரும்பாலோரிடம் எந்த வித்தியாசமும் இல்லை, போகாதவர்கள் எப்படி இருந்தார்களோ அப்படியேதான் இவர்களும் இருந்தார்கள். பயணம் ரொம்பவே நிம்மதியாக இருந்தது என்று சொன்னவர்களுக்கு மட்டும் அந்தத் தெம்பு சுமார் இரண்டு வாரம் நின்றது. காசும் வசதியும் உள்ளவர்கள்தானே ஊர் சுற்றப் போகிறார்கள், அவர்கள் ஏற்கெனவே மகிழ்ச்சியாக இருப்பார்கள்தானே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் வசதிதான் காரணம் என்றால் அந்த வித்தியாசம் திரும்பி வந்த பிறகும் இருந்திருக்க வேண்டும், இல்லையா?

இது ஏன் இப்படி என்பதற்கு ஒரு விடை குரங்குகளிடமிருந்து வந்தது. ஸ்விட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் பல்கலைக்கழகத்தில் வொல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்களை நுண்ணிய மின்முனைகளால் கவனித்துக்கொண்டிருந்தார். எதிர்பாராத நேரத்தில் குரங்கின் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால் அந்த அணுக்கள் படபடவென்று துடிக்கும். அப்புறம், சாறு வருவதற்குச் சற்று முன்பு ஒரு விளக்கு எரியும்படி செய்தார்கள். போகப்போகக் குரங்கு விஷயத்தைப் பிடித்துக்கொண்டது, விளக்கு எரிந்தால் சாறு வரும். அதற்குப் பிறகு அணுக்கள் துடித்தது விளக்கு எரிந்த கணத்தில்தான், சாறு வந்தபோது அவை கண்டுகொள்ளவே இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் அணுக்களின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே போனது. ஷுல்ட்ஸும் பீட்டர் டயனும் ரீட் மாண்டேக்கும் 1997இல் இதற்கு ஒரு கணித விளக்கம் கொடுத்தார்கள்: டோபமைன் அணுக்கள் இன்பத்தை அளப்பதில்லை, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அளக்கின்றன. டோபமைன் என்றால் 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருப்பது பாதி உண்மை என்றுகூடச் சொல்ல முடியாது.

இதை அப்படியே மேட்டுப்பாளையம் நடைமேடைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு குழந்தை முதல்முறை ஊட்டிக்குப் போகும்போது ஜன்னல் வழியாகக் குளிர் முகத்தில் அடிக்கிற கணம்தான் ஆச்சரியம். அடுத்த முறை, நீலகிரி எக்ஸ்பிரஸிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு இறங்கி எதிரே நீல நிற மலை ரயிலைப் பார்க்கும்போதே துள்ளத் தொடங்கிவிடும். அதற்கும் அடுத்த முறை பரணிலிருந்து ஸ்வெட்டர் மூட்டையை இறக்கினாலே போதும். பரிசு இருந்த இடத்தில் இருக்க, சந்தோஷம் மட்டும் அதை அறிவிக்கிற முதல் அடையாளத்தை நோக்கி நகர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. பெரியவர்களுக்கு அந்த அடையாளம் காலை 8 மணிக்கு முன்பதிவு திறந்து, டிக்கெட் உறுதியானது என்று போனில் வருகிற குறுஞ்செய்தியாக இருக்கலாம்.

உறுதியாகாமல் வெயிட்டிங் லிஸ்டில் இருந்தால்? அதற்கும் குரங்குகளிடம் ஒரு பதில் உண்டு. 2003இல் ஷுல்ட்ஸின் குழு, சாறு வருமா வராதா என்பதை வேண்டுமென்றே நிச்சயமில்லாமல் ஆக்கிப் பார்த்தது. வருவதற்கான வாய்ப்பு சரிபாதியாக இருந்தபோதுதான், அடையாளத்துக்கும் பரிசுக்கும் இடைப்பட்ட நேரத்தில் டோபமைன் அணுக்களின் துடிப்பு மிக அதிகமாக ஏறிக்கொண்டே போனது. கட்டாயம் வரும் என்றாலும் கட்டாயம் வராது என்றாலும் அந்த ஏற்றம் இல்லை. குரங்கின் பழச்சாறும் நம்முடைய ஸ்லீப்பர் கோச்சும் ஒன்றல்ல, ஆனாலும் வெயிட்டிங் லிஸ்ட் எண் 14லிருந்து 6க்கு வந்துவிட்டதா என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் முகத்தில் கவலை மட்டும்தான் இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது.

டோபமைன் கதையின் ஒரு பகுதிதான். எதிர்பார்ப்புக்கு ஒரு காட்சியும் வேண்டும், அதைக் கட்டித் தருவது மூளையின் பக்கவாட்டில் உள்ளே இருக்கிற ஹிப்போகேம்பஸ். இது நினைவுகளின் கிடங்கு என்றுதான் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2007இல் லண்டனில் டெமிஸ் ஹசாபிஸ், எலினோர் மக்வையர் குழுவினர் (அதே ஹசாபிஸ்தான், 2024இல் வேதியியல் நோபல் வாங்கியவர்) ஹிப்போகேம்பஸ் பாதிக்கப்பட்டு நினைவிழந்த சிலரிடம், வெண்மணல் கடற்கரை ஒன்றில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து வர்ணிக்கச் சொன்னார்கள். பெரும்பாலோரால் முடியவில்லை. வானம், ஏதோ சத்தம் என்று துண்டுதுண்டாகச் சொன்னார்களே தவிர, அது ஓர் இடமாகச் சேரவில்லை. பழையதை நினைத்துப் பார்க்கவும் நாளையதைக் கற்பனை செய்யவும் மூளை ஒரே பட்டறையைத்தான் பயன்படுத்துகிறது. போன முறை சாப்பிட்ட ஊட்டி வர்க்கியும், குன்னூர் ஸ்டேஷனில் குடித்த டீயும், மாமா வீட்டு ஆல்பத்தில் பார்த்த தாவரவியல் பூங்காவும் சேர்ந்துதான் இந்த மே மாதத்து ஊட்டி மனதுக்குள் உருவாகிறது.

மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிற இந்தக் காட்சிக்குப் பண மதிப்பே உண்டு என்று காட்டியவர் பொருளியலாளர் ஜார்ஜ் லோவென்ஸ்டைன். 1987இல் அவர் மாணவர்களிடம் ஒரு விசித்திரமான கேள்வி கேட்டார்: உங்களுக்குப் பிடித்த சினிமா நட்சத்திரத்திடமிருந்து ஒரு முத்தம் கிடைப்பதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள், அதுவும் இப்போதே என்றால் எவ்வளவு, மூன்று மணி நேரம் கழித்து, மூன்று நாள் கழித்து, ஒரு வருடம் கழித்து என்றால் எவ்வளவு? வழக்கமான பொருளியல் படி உடனே கிடைப்பதுதான் உசத்தி. மாணவர்களோ மூன்று நாள் கழித்துக் கிடைப்பதற்குத்தான் அதிக விலை சொன்னார்கள். அந்த மூன்று நாளும் நினைத்து நினைத்துச் சந்தோஷப்படலாமே! ஒரு வருடம் என்றால் ரொம்பத் தூரம். இதே தர்க்கம் கெட்டதற்குத் தலைகீழாக வேலை செய்கிறது, மின் அதிர்ச்சி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் காத்திருக்கும் காலமே தண்டனையாகிவிடும். ஊசி போடப் போகும் குழந்தைக்கு முதல் வாரமே சொல்லக் கூடாது, ஊட்டிக்குப் போவதை முதல் வாரமே சொல்லிவிட வேண்டும். கிளம்புகிற அன்று காலையில் 'சர்ப்ரைஸ்' என்று பிள்ளைகளிடம் சொல்கிற அப்பாக்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. நாட்காட்டியில் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு, முழுப் பரீட்சை முடிந்ததும் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வரும் பத்து நாளை அந்தப் பிள்ளை இழக்கிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், மூன்று வயதுக் குழந்தைக்கு நேற்றும் நாளையுமே இன்னும் குழப்பம், அதனிடம் 60 நாள் என்று சொன்னால் தினமும் காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும்.

எல்லாக் காத்திருப்பும் இனிப்பதில்லை. அமித் குமார், மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், தாமஸ் கிலோவிச் மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வாங்கப்போகிற பொருளுக்காகக் காத்திருப்பதையும் ஓர் அனுபவத்துக்காகக் காத்திருப்பதையும் ஒப்பிட்டார்கள். அனுபவத்துக்காகக் காத்திருந்தவர்கள் அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள், பொருளுக்காகக் காத்திருந்தவர்களிடம் பொறுமையின்மை தூக்கலாக இருந்தது. போனும் ஃப்ரிட்ஜும் எப்படி இருக்கும் என்று ஏற்கெனவே தெரியும், அதனால் கற்பனைக்கு அங்கே அதிக வேலையில்லை. அனுபவத்தில் இன்னும் முடிவாகாத இடம் நிறைய.

ஆனால் இந்த எந்திரத்துக்குள் ஒரு வம்பும் இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ், டோபமைன் கிட்டத்தட்ட முழுவதும் அழிக்கப்பட்ட எலிகளை ஆராய்ந்தார். நாக்கில் சர்க்கரைக் கரைசலை வைத்தால் அவை சப்புக்கொட்டி ரசித்தன, ஆனால் தாமாக எழுந்துபோய் உணவைத் தேடவே இல்லை. அதாவது ஆசைப்படுவதும் ரசிப்பதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள். ஆசை ஏறுகிற வேகத்தில் ரசனை ஏறும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால்தான் இரண்டு மாதமாகக் கனவு கண்ட ஏரியின் முன்னால் போய் நிற்கும்போது, படகுக்கான வரிசையும் வெயிலும் பசியும் பார்க்கிங் சண்டையும் சேர்ந்து, இதற்கா வந்தோம் என்று ஒரு கணம் தோன்றுகிறது. 1997இல் டெரன்ஸ் மிட்செல் குழுவினர் ஐரோப்பியச் சுற்றுலா, கலிபோர்னியாவில் மூன்று வார சைக்கிள் பயணம் என்று சிலவற்றைப் பின்தொடர்ந்து பார்த்தபோதும் இதேதான் நடந்தது: போவதற்கு முன்பும் வந்த பிறகும் மக்கள் கொடுத்த மதிப்பெண், நடுவில் கொடுத்ததைவிட உயர்வு.

ஷுல்ட்ஸின் குரங்கு நமக்கு இங்கே மறுபடி உதவும். விளக்கு எரிந்து சாறு வராதபோதுதான் அந்தச் சரிவு வந்தது, விளக்கே எரியாவிட்டால் சரிவும் இல்லை. எனவே ரயிலை உறுதியாகச் சொல்லுங்கள், தொட்டபெட்டாவில் நின்றால் எல்லா மலையும் தெரியும் என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள், 2,637 மீட்டர் உயரத்தில் மூடுபனி யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. முழு நாளுக்கும் மணிவாரியாகத் திட்டம் போடுகிறவர்கள் தெரியாமல் செய்வது இதைத்தான், ஒவ்வொரு மணிக்கும் ஒரு விளக்கை எரிய விடுகிறார்கள்.

போன இடத்தில் ரசிப்பதை எப்படிக் கூட்டுவது? மூளைக்கு எதுவும் சீக்கிரம் பழகிவிடும், அதுதான் முதல் எதிரி. லீஃப் நெல்சனும் டாம் மெய்விஸும் 2008இல் காட்டியது கொஞ்சம் விநோதமானது: மசாஜ் நடுவில் சற்று நிறுத்தப்பட்டவர்கள், தொடர்ந்து மசாஜ் பெற்றவர்களைவிட அதிகமாக ரசித்தார்கள். இடைவெளி அந்தப் பழக்கத்தைக் கலைத்துவிடுகிறது. மலை ரயில் அதைத் தானாகவே செய்துவிடுகிறது என்று நினைக்கிறேன். 46 கிலோமீட்டரை ஏறி முடிக்க அது ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்கிறது, 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டருக்கு ஏறுகிறது, கல்லாறுக்கு மேலே தண்டவாளத்தின் நடுவிலுள்ள பல்சட்டத்தைப் பல்சக்கரத்தால் பற்றிக்கொண்டு என்ஜின் பின்னாலிருந்து தள்ள, வழியில் ஆங்காங்கே நிற்கிறது, எல்லோரும் இறங்கி நடக்கிறார்கள், மறுபடி ஏறுகிறார்கள். 16 சுரங்கங்கள் வேறு. ஒவ்வொன்றிலும் இருட்டு, பெட்டி முழுக்கக் கூச்சல், அப்புறம் திடீரென்று மறுபடி பச்சை. காரில் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாமே என்கிறவர்களுக்கு என்ன சொல்வது!

இதில் ஆராய்ச்சிகள் அதிகம் தொடாத ஒரு விஷயம் உண்டு. ஒரே வீட்டில் எதிர்பார்ப்பு எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. பிள்ளைகள் நாட்களை எண்ணும் அதே வாரத்தில், ஸ்வெட்டரைத் துவைத்து, ரயிலுக்குப் புளியோதரை கிளறி, வாந்திக்கு மாத்திரை வாங்கி, மலைக்குப் போக இ-பாஸ் வேண்டுமா என்று பார்த்து, பால்காரரிடம் சொல்லி, பூட்டு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கிறவர் பெரும்பாலும் அம்மா. அவருக்கு அந்த 60 நாளும் வேலைப்பட்டியல். அதைப் பிரித்துக்கொள்ளாத வீட்டில் அவருடைய விடுமுறை ரயில் நகர்ந்த பிறகுதான் தொடங்குகிறது, ஆய்வுகள் சொல்லும் அந்த முன்கூட்டிய சந்தோஷம் அவருக்குக் கிடைப்பதே இல்லை.

திரும்பி வந்த பிறகு சீக்கிரமே எல்லாம் வடிந்துவிடுகிறது. நெதர்லாந்தில் யெசிகா டி ப்ளூம் நீண்ட விடுமுறை எடுத்த ஊழியர்களைக் கவனித்தபோது, அவர்களுடைய நலம் எட்டாம் நாளை ஒட்டி உச்சத்தைத் தொட்டது, வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள்ளேயே பழைய நிலைக்கு வந்துவிட்டது. வருடத்தில் ஒரே நீண்ட பயணத்துக்குப் பதில் சின்னதாக இரண்டு மூன்று பயணங்கள் போனால் எதிர்பார்ப்பும் இரண்டு மூன்று முறை கிடைக்கும் என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. ஏற்காடோ ஏலகிரியோ போதும்.

நினைவில் எது நிற்கும் என்பதற்கு உளவியலாளர் டேனியல் கானமன் சொன்ன உச்சமும் முடிவும் என்ற விதியைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள், அதாவது ஓர் அனுபவத்தின் உச்சமான கணமும் கடைசிக் கணமும்தான் அதன் நினைவைத் தீர்மானிக்கும் என்பது. வலி தரும் மருத்துவச் சோதனைகளில் அது நன்றாகப் பொருந்தியது. ஆனால் நியூசிலாந்து மாணவர்களின் ஒரு வார விடுமுறையில் சோதித்துப் பார்த்தபோது அவ்வளவாக எடுபடவில்லை, மிகவும் வித்தியாசமாகக் கழிந்த ஒரு நாள் எப்படி இருந்தது என்பதுதான் மொத்தப் பயணத்தின் நினைவையும் நன்றாகக் கணித்தது. கடைசி நாளைப் பற்றி அதிகம் கவலைப்படாமல், வழக்கத்தில் இல்லாத ஏதாவது ஒன்று நடக்க இடம் விடலாம்.

அது கசப்பாக அமைந்தாலும் பெரிய நஷ்டமில்லை. கெட்ட அனுபவத்தோடு ஒட்டிய உணர்ச்சி நல்ல அனுபவத்தின் உணர்ச்சியைவிட வேகமாக மங்கும், அதை நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தால் இன்னும் வேகமாக மங்கும் என்று நினைவாற்றல் ஆய்வாளர்கள் பல முறை பார்த்திருக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவில் சித்தப்பாவின் புதுச்சட்டை மேல் தம்பி வாந்தி எடுத்தது அன்றைக்குப் பெரிய ரகளை. தீபாவளிக்கு எல்லோரும் கூடும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள், சொல்லப்போகிறவரும் சித்தப்பாதான்.