டிபென்டன்ட்: சார்ந்தோரா, அண்டியிருப்போரா?

அமெரிக்க ராணுவ வீரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு முகாமுக்குக் குடிபோகும் பெண்ணுக்கு ஓர் அடையாள அட்டை தருவார்கள். முகாம் வாசலைத் தாண்ட, ராணுவ ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க, முகாம் கடையில் சாமான் வாங்க, எல்லாவற்றுக்கும் அதுதான் வேண்டும். அந்த அட்டை அவளுக்குக் கணவர் வழியாகத்தான் கிடைக்கும். ராணுவப் பதிவேட்டில் அவர் 'ஸ்பான்சர்', அவள் 'டிபென்டன்ட்'. அந்த முகாம்களில் நடக்கும் குடும்ப வன்முறையைப் பற்றியும் மனைவி கொலைகளைப் பற்றியும் படிப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த இரண்டு சொற்களைத்தான்.

டிபென்டன்ட் என்பதன் வேர் லத்தீன். 'தேபென்தேரே' என்றால் ஒன்றிலிருந்து கீழே தொங்குவது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கழுத்துச் சங்கிலியில் மாட்டும் பென்டன்ட், கடிகாரத்துப் பெண்டுலம் எல்லாம் இதன் பங்காளிகள்தான்.

தமிழில் இதற்கு நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. 'முன்னாள் படைவீரர்கள் மற்றும் அவர்களைச் சார்ந்தோருக்கான குறைதீர்க்கும் கூட்டம்' என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்புகளில் பார்த்திருப்பீர்கள். அந்தச் 'சார்ந்தோர்'தான் சரியான சொல்; ஒருவரைச் சொன்னால் 'சார்ந்தவர்'. ஆனால் லத்தீனுக்கும் தமிழுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சார்தல் என்றால் சாய்ந்திருத்தல். சாய்ந்திருப்பவர் நினைத்தால் நிமிர்ந்து நிற்கலாம். தொங்குபவருக்குக் காலடியில் தரை இல்லை. அமெரிக்க முகாம் நடைமுறைக்கு லத்தீன் பொருளே நெருக்கமாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஏன் என்று சொல்கிறேன். முகாம் வீடு கணவருடைய பெயரில் இருக்கும். ட்ரைகேர் என்கிற மருத்துவக் காப்பீடும் அவர் வழியாகத்தான். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் மாற்றல் வருவதால் அவளுக்கு ஒரு வேலையில் நிலைக்க முடியாது. அடித்தார் என்று முறைப்படி புகார் கொடுத்தால் விஷயம் அவருடைய மேலதிகாரிக்குப் போகும். குற்றம் நிரூபணமாகிப் பதவி நீக்கம் செய்துவிட்டால் சம்பளம், வீடு, வரவேண்டிய ஓய்வூதியம் எல்லாம் ஒரே நாளில் போய்விடலாம். தண்டனை அவருக்கு, பட்டினி இருவருக்கும். பல பெண்கள் வாயைத் திறக்காமல் இருப்பதற்குப் பயம் மட்டும் காரணமில்லை, இந்தக் கணக்கும் காரணம்.

போதாக்குறைக்கு 'டிபென்டா' என்று ஒரு வசைச்சொல்லும் உண்டு. கணவன் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் என்று பொருள். இதைத் தமிழில் சொல்ல 'சார்ந்தோர்' உதவாது. 'அண்டிப் பிழைப்பவள்' என்றால்தான் அந்த இளக்காரம் வரும். 'உனக்குப் பெண்டாட்டி வேண்டும் என்று ராணுவம் நினைத்திருந்தால் சீருடையோடு சேர்த்துக் கொடுத்திருக்குமே' என்பது அங்கே பழைய கிண்டல். இப்போது பேச்சில் 'குடும்ப உறுப்பினர்' என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். சட்டத்தில் என்னவோ இன்றும் டிபென்டன்ட்தான்.

2002 கோடையில் வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக் முகாமைச் சேர்ந்த நான்கு ராணுவ வீரர்களின் மனைவியர் ஆறு வாரங்களுக்குள் கொல்லப்பட்டார்கள். நான்கிலும் கொன்றவர் கணவர் என்றது போலீஸ். அவர்களில் மூவர் ஆப்கானிஸ்தான் போய் வந்தவர்கள். இருவர் கொலை செய்த கையோடு தற்கொலை செய்துகொண்டார்கள். வீரர்களுக்குக் கொடுத்த லாரியம் என்ற மலேரியா மாத்திரைதான் புத்தியைக் கெடுத்தது என்று ஒரு பேச்சு கிளம்பியது. விசாரித்த ராணுவக் குழு, மாத்திரை காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு என்றது. ஏற்கெனவே இருந்த தாம்பத்யத் தகராறுகளையும், உதவி கேட்டால் பதவி உயர்வு போய்விடும் என்ற அச்சத்தையும்தான் அது சுட்டிக்காட்டியது. மாத்திரை மேல் பழிபோட்டிருந்தால் எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கும்.

இந்தச் சொல்லுக்குள் அடங்காதவர்களும் உண்டு. தாலி கட்டாத காதலி, விவாகரத்தாகிப் போன துணைவி இவர்களெல்லாம் பெரும்பாலும் டிபென்டன்ட் அல்ல. அதனால் நெடுங்காலம் ராணுவத்தின் குடும்ப வன்முறைக் கணக்கில் அவர்கள் வரவே இல்லை. 2006-இல்தான் 'இன்டிமேட் பார்ட்னர்' என்று தனிப் பிரிவு சேர்த்தார்கள். இதை 'நெருங்கிய கூட்டாளி' என்று மொழிபெயர்த்தால் ஏதோ வியாபாரக் கூட்டு மாதிரி இருக்கும். 'இணையர்' போதும். இணையர் வன்முறை, இணையர் கொலை என்று சொன்னால் மனைவி, காதலி, முன்னாள் துணை எல்லோரும் அதில் அடங்குவார்கள்.

அப்புறம் அந்த 'ஸ்பான்சர்'. இதற்குப் 'புரவலர்' என்று அகராதிகள் சொல்லும். இந்த இடத்தில் அதைத் தயவுசெய்து போட வேண்டாம். கணவர் புரவலர் என்றால் மனைவி இரவலர் என்றாகிவிடும். இரவலருக்காவது வேறு வழி இருந்தது. சங்க காலத்தில் இளவெளிமான் என்ற சிற்றரசன் கொடுத்தது போதாதென்று கோபித்துக்கொண்டு போன புலவர் பெருஞ்சித்திரனார், வள்ளல் குமணனிடம் யானை பரிசு பெற்று வந்து இளவெளிமானின் காவல் மரத்திலேயே கட்டினார். முகாம் மனைவிக்கு இன்னொரு குமணன் கிடையாது. 'படைவீரர்' என்று நேராகவே எழுதிவிடலாம்.

இந்தச் சார்பை அமெரிக்க நாடாளுமன்றமும் ஒருவகையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. சார்ந்தோரைக் கொடுமைப்படுத்திய குற்றத்துக்காக வீரர் வெளியேற்றப்பட்டால் மனைவி மக்களுக்கு 12 முதல் 36 மாதம் வரை உதவித்தொகை தரும் சட்டம் 1990-களிலேயே வந்தது. 'இடைக்கால இழப்பீடு' என்று அதைச் சொல்லலாம். அவள் மறுமணம் செய்துகொண்டாலோ, அடித்தவரோடு மறுபடி சேர்ந்து வாழ்ந்தாலோ அந்தத் தொகை நின்றுவிடும்.