ஸ்ட்ரைப்டு பாஸ் மீன் மார்ச்சில் சேற்றோரம் வருவது ஏன்?

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக்கும் நியூஜெர்சி மாநிலத்துக்கும் நடுவில் இருக்கிறது ராரிட்டன் விரிகுடா. நியூஜெர்சியின் விரிகுடாக்களிலும் ஆறுகளிலும் ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் ஸ்ட்ரைப்டு பாஸ் பிடிக்கத் தடை. மார்ச் 1 அன்று தடை நீங்கியதும் தூண்டில்காரர்கள் கரைக்கு வந்துவிடுவார்கள். நீர் அப்போதும் சில்லென்றுதான் இருக்கும். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் ஆழமான பக்கம் போவதில்லை. முழங்கால் அளவு நீருள்ள சேற்றுத் திட்டுகளின் ஓரமாக, பிற்பகலில், நீர் வற்றும் நேரம் பார்த்து நிற்பார்கள்.

மீனுக்கு நீரின் சூடுதான் உடலின் சூடு. குளிர்ந்த நீரில் அதன் தசை மந்தமாகிறது, செரிமானமும் மந்தமாகிறது. இரையைத் துரத்திப் போனால் செலவழித்த சக்திகூடத் திரும்பி வராது. 10 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதுதான் பாஸ் நன்றாக மேயத் தொடங்கும். அந்தப் பருவத்தில் ஓரிரு டிகிரி கூடினாலே பெரிய வித்தியாசம். கறுப்புச் சேறு வெயிலை உள்வாங்கி, மேலே கிடக்கும் கொஞ்ச நீரையும் சூடாக்கிவிடும். நீர் வற்றும்போது அந்த வெதுவெதுப்பு ஓடைகள் வழியாக வெளியே வரும். ஓடை வாயில் பாஸ் காத்திருக்கும்.

மீன் துரத்தி வராது என்பதால் தூண்டிலில் வைக்கும் இரையும் அசையாமல் கிடக்க வேண்டும்: கடற்புழு அல்லது மட்டிச் சதை, தரையோடு. 2021 முதல் அட்லாண்டிக் கரையோர மாநிலங்களில் இப்படி இயற்கை இரை வைத்து பாஸ் பிடிப்பவர்கள் வட்டத் தூண்டில் முள்ளைத்தான் பயன்படுத்த வேண்டும். அதன் கூர்முனை வெளியே நீட்டாமல் தண்டை நோக்கி உள்ளே வளைந்திருக்கும். மீன் இரையை விழுங்கினாலும் முனை பெரும்பாலும் தொண்டையில் குத்தாது. தூண்டில் நரம்பு இறுகும்போது முள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்து, வாயோரத்தில் திரும்பி மாட்டும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. நிதானமாகச் சுற்றினால் போதும். திருப்பி விடும் மீன் பிழைப்பதற்கு இதைவிட எளிய உதவி இல்லை என்பேன்.

சரி, இந்த மீன்கள் போவது எங்கே? கடலில் வளர்ந்தாலும் முட்டையிட நன்னீர்தான் வேண்டும். ராரிட்டனில் வசந்தத்தில் கூடும் பெரிய மீன்களில் பல ஹட்சன் ஆற்றில் ஏறும். எல்லாவற்றிலும் பெரிய கூட்டம் தெற்கே செசபீக் விரிகுடா ஆறுகளுக்குரியது. நீர் 16 முதல் 19 டிகிரி வரை ஏறும்போது முட்டையிடல் உச்சம் தொடும். முட்டை நீரைவிடச் சற்றே கனம். ஓட்டம் நின்றால் அடியில் படிந்து, வண்டல் மூடி மூச்சடைத்துச் செத்துவிடும். ஏறக்குறைய இரண்டு நாளில் பொரியும் வரை அதை மிதக்க வைப்பது ஆற்றின் ஓட்டம்தான். முட்டையிட்டு முடிந்த பெரிய மீன்கள் வடக்கே மெய்ன் மாநிலம் வரைகூடப் போகும்.

6 வயதுப் பெண்மீன் சுமார் 5 லட்சம் முட்டையிடும். 15 வயதில் அது 30 லட்சம் ஆகிவிடுகிறது. பெரிய மீனைத் தூக்கிக்கொண்டு போவது எவ்வளவு இழப்பு என்று இதிலேயே தெரியும்.

இத்தனை முட்டையிலும் குஞ்சு தேறுவது அந்தந்த வருட வானிலையைப் பொறுத்தது. குளிர்காலம் குளிராக இருந்து, வசந்தத்தில் ஆறு நிறைந்து ஓடினால், குஞ்சு பசியோடு இருக்கும் நேரத்தில் அதன் உணவான நுண்ணிய மிதவை உயிர்களும் பெருகும். வெப்பமான குளிர்காலத்துக்குப் பின் இந்த இரண்டும் நேரம் தவறிப் போகின்றன. செசபீக் கரையிலுள்ள மேரிலாந்து மாநிலம் ஆண்டுதோறும் வலை இழுத்துக் குஞ்சுகளை எண்ணுகிறது. ஓர் இழுப்புக்கு நீண்டகாலச் சராசரி சுமார் 11. 2023-இல் கிடைத்தது 1. அதற்கு முன் 2015 மிக நல்ல வருடம். கடலில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய அளவின் மேல் வரம்பை 2023-இல் 35 அங்குலத்திலிருந்து 31 ஆகக் குறைத்தது, அந்த 2015 தலைமுறை வளர்ந்து முட்டையிட வழி விடுவதற்காகத்தான்.