பிரிட்டனில் டி.வி. லைசென்ஸ்: வீட்டுக்கு ஆள் வந்தால்?

இந்தியாவில் தபால் ஆபீசில் போய் ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டிய காலம் 1980களோடு முடிந்தது. பிரிட்டனில் டி.வி.க்கு இன்றும் கட்ட வேண்டும். 2025 ஏப்ரலில் ஆண்டுக் கட்டணம் 174.50 பவுண்டானது. பி.பி.சி. நடப்பது பெரும்பாலும் இந்தப் பணத்தில்தான்.

"நான் பி.பி.சி. பார்ப்பதே இல்லை, சன் டி.வி. மட்டும்தான்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எந்த நாட்டுச் சேனலானாலும், ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்த்தால் லைசென்ஸ் வேண்டும். போனில் பார்த்தாலும் அதே கதைதான். பி.பி.சி.யின் இணையச் சேவையான ஐபிளேயரில் பழைய நிகழ்ச்சி பார்க்கவும் 2016 செப்டம்பர் முதல் லைசென்ஸ் தேவை. நெட்ஃபிளிக்ஸில் படமோ யூடியூபில் பழைய காமெடியோ பார்க்கத் தேவையில்லை. வீட்டில் டி.வி. பெட்டி சும்மா இருப்பதும் குற்றமில்லை.

சரி, கட்டாதவர்களை எப்படிப் பிடிக்கிறார்கள்? லைசென்ஸ் இல்லாத முகவரிகளின் பட்டியல், பி.பி.சி.க்காகக் கட்டணம் வசூலிப்பவர்களிடம் இருக்கிறது. முதலில் கடிதம், அப்புறம் இன்னும் காட்டமான கடிதம், பிறகு ஆள் வருவார். வருபவர் போலீஸ் இல்லை. நீங்கள் அனுமதிக்காமல் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க அவருக்கு உரிமை கிடையாது. கோர்ட்டின் சோதனை வாரண்ட் வேண்டும். பல வழக்குகளுக்கு ஆதாரமே வாசலில் கேள்வி கேட்டு எழுதி வாங்கும் வாக்குமூலம்தான். பகலில் கதவைத் திறப்பது யார்? வழக்கில் சிக்குபவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

அபராதம் 1000 பவுண்டு வரை, கோர்ட் செலவு தனி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான வழக்குகளை ஒரே மாஜிஸ்திரேட் காகிதங்களைப் பார்த்தே முடித்துவிடுகிறார். தபாலில் வரும் நோட்டீசைப் பிரிக்காமல் போட்டுவிட்டால், நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பு வந்துவிடும். லைசென்ஸ் இல்லாததற்காக ஜெயில் கிடையாது. ஆனால் அபராதத்தை வேண்டுமென்றே கட்டாமல் இழுத்தடித்தால் அதற்கு ஜெயில் உண்டு.

மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணையில் கட்டலாம். 75 வயது நிறைந்து, பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கு அரசு தரும் உதவித்தொகை) வாங்குபவர்களுக்கு இலவசம், ஆனால் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். பார்வையற்றவர்களுக்குப் பாதிக் கட்டணம். வெளியூரில் தங்கிப் படிக்கும் மாணவர், பெற்றோர் வீட்டில் லைசென்ஸ் இருந்தால், லேப்டாப்பை பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். சார்ஜரைச் செருகிவிட்டுப் பார்த்தால் தனி லைசென்ஸ் எடுக்க வேண்டும்!