தோளில் ஏறிய 107 கிலோ

1993 ஜூன் 13. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், டேட்டன் நகரின் நட்டர் சென்டர் அரங்கம். ‘கிங் ஆஃப் தி ரிங்’ மல்யுத்தத் தொடரின் இறுதிப் போட்டிக்கு வருகிறார் மல்லர் பிரெட் ஹார்ட். அன்றிரவு அவருக்கு அது மூன்றாவது மோதல். ரேஸர் ரமோனையும் மிஸ்டர் பெர்ஃபெக்டையும் வென்றுவிட்டுக் களைத்துப் போயிருக்கிறார். எதிரே பாம் பாம் பிகிலோ. அரையிறுதியில் அவரோடு மோத வேண்டியவர் யார் என்பதை முடிவு செய்யும் போட்டி சமனில் முடிந்துவிட்டதால், அவர் அரையிறுதி ஆடாமலே இறுதிக்கு வந்தவர்.

அறிவிக்கப்பட்ட எடை, பிரெட்டுக்கு 235 பவுண்டு, பிகிலோவுக்கு 390. கிலோவில் சொன்னால் சுமார் 107-க்கு 177. மொட்டைத் தலை முழுக்கத் தீச்சுவாலையைப் பச்சை குத்திக்கொண்ட மனிதர் பிகிலோ. அந்த உடம்போடு கைகளைத் தரையில் ஊன்றிச் சக்கரமாகச் சுழன்று எழுவார். மூலையில் மேல்கயிறு வரை ஏறி, தலையை முன்னே நீட்டிப் பாய்வார். தொண்ணூறுகளில் நம் ஊர்ப் பிள்ளைகள் விளையாடிய மல்யுத்தச் சீட்டில் எடையைக் கேட்டால் கனத்த ஆளின் சீட்டு வென்றுவிடும். களத்தில் எடை அப்படி ஓர் எண்ணாக மட்டும் இருப்பதில்லை. அது எந்த நொடியில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் நடக்கிறது.

தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வது என்பது முன்பே பேசி வைக்கப்பட்டது. அதைச் சொல்லி ‘எல்லாம் நடிப்பு’ என்று ஒதுக்குகிறவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. 177 கிலோ மேலேயிருந்து கீழே வரும்போது என்ன ஆகும் என்பதை எவராலும் பேசி வைக்க முடியாது. அதைத் தாங்குவதற்கு உடலைப் பழக்கியாக வேண்டும்.

பெரிய உடல் சுறுசுறுப்பாக இயங்குவது ஏன் அரிது? தசையின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைச் சார்ந்தது. எடையோ கன அளவைச் சார்ந்தது. ஓர் உடலை எல்லாத் திசையிலும் இரண்டு மடங்காக்கினால் பலம் நான்கு மடங்காகும், எடை எட்டு மடங்காகிவிடும். பிரெட்டின் உடலையே அப்படியே பெரிதாக்கி 177 கிலோ ஆக்குவதாக வைத்துக்கொள்வோம். எடை 1.66 மடங்கு கூடும்போது பலம் 1.4 மடங்குதான் கூடும். ஒவ்வொரு கிலோவையும் தூக்கக் கிடைக்கும் பலம் ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்துவிடும். அந்தக் குறைவோடு குதிக்க வேண்டும், சுழல வேண்டும், கயிற்றில் ஏற வேண்டும். போதாததற்கு, பெரிய உடலில் எடையை ஒப்பிடத் தோலின் பரப்பு குறைவு. உள்ளே பிறக்கும் வெப்பம் வெளியேறத் தாமதமாகும், மூச்சு சீக்கிரம் வாங்கும். அன்றைய போட்டி ஏறத்தாழ 18 நிமிடம் நீடித்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மேல்கயிற்றிலிருந்து பாயும் காட்சியைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். உடலின் ஈர்ப்புமையம் 1.2 மீட்டர் கீழே இறங்குவதாகக் கொண்டால், தரையைத் தொடும் வேகம் நொடிக்கு சுமார் 4.85 மீட்டர். எடையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைக்கும் உந்தத்தை முழுவதும் நிறுத்தியாக வேண்டும். ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், அந்த உந்தத்தை நிறுத்தும் விசை மட்டும் சராசரியாக 17,000 நியூட்டனைத் தாண்டும். அதே உடல் ஐந்தில் ஒரு பங்கு நொடியில் நின்றால் அது 4,300 அளவுக்குக் குறைந்துவிடும். நேரம் நான்கு மடங்கு, விசை நான்கில் ஒன்று.

அந்த நேரத்தை எங்கிருந்து பெறுவது? மேடையிலிருந்து கொஞ்சம் கிடைக்கும். கித்தான் துணிக்கு அடியில் மெல்லிய நுரைப்பஞ்சு, அதன் கீழே மரப்பலகை, அதையும் தாங்கும் எஃகுச் சட்டங்கள். விழும்போது பலகை வளைந்து கொடுக்கிறது; நாம் கேட்கும் ‘தடார்’ ஓசை அதுதான். மீதியை விழுகிறவரின் உடல் தர வேண்டும். பாய்கிறவர் கைகளையும் முழங்கால்களையும் முதலில் ஊன்றி, முழங்கைகளை மடக்கிக்கொண்டே இறங்குகிறார். கீழே கிடப்பவர்மேல் வந்து சேர்வது அந்தப் பெரும் எடையின் சிறு பகுதிதான். கண்ணுக்கு 177 கிலோவும் விழுந்ததாகத் தெரிய வேண்டும், உடம்பில் அது விழக் கூடாது. பிகிலோ நியூஜெர்சியில் லேரி ஷார்ப்பின் ‘மான்ஸ்டர் ஃபேக்டரி’ பள்ளியில் பயின்றவர். தன் எடையைத் தானே வாங்கிக்கொள்ளும் அந்தக் கலையைத்தான் நான் அவருடைய உண்மையான திறமை என்று சொல்வேன். சுழல்வதும் பாய்வதும் அதன் வெளித்தோற்றம்.

பிரெட்டின் பக்கத்துக்கு வருவோம். கனடாவின் கால்கரி நகரில், தந்தை ஸ்டூ ஹார்ட் வீட்டின் நிலவறையில் பிடிகளைக் கற்று வளர்ந்தவர் அவர். நுட்ப மல்லர் என்றால் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று. தன்னைவிட 70 கிலோ கூடுதலான ஒருவரை அப்படிப்பட்டவர் எப்படித் தூக்குகிறார்? முதல் விதி, எடையை உடலோடு ஒட்டி வைப்பது. தூக்குகிறவரின் முதுகெலும்பிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி 177 கிலோ இருந்தால், முதுகை முன்னோக்கி வளைக்கும் திருப்புவிசை சுமார் 690 நியூட்டன் மீட்டர். அதையே 15 சென்டிமீட்டருக்கு நெருக்கிக்கொண்டால் 260 ஆகிவிடும். தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துத் தூக்குவது இதே கணக்குதான்.

இரண்டாவது விதி, தூக்கப்படுகிறவரிடம் இருக்கிறது. விழித்திருக்கும் குழந்தையைத் தூக்குவதற்கும் தூங்கிவிட்ட குழந்தையைத் தூக்குவதற்கும் உள்ள வேறுபாடு பெற்றவர்கள் எல்லாருக்கும் தெரியும். எடை அதேதான், விழித்திருக்கும் குழந்தை நம்மைப் பிடித்துக்கொள்கிறது, உடலை நம் பக்கம் சாய்க்கிறது. மல்லரும் அதைத்தான் செய்கிறார். சரியான கணத்தில் ஒரு சிறு குதிப்பு, தூக்குகிறவரின் தொடைமீது கையை ஊன்றி ஓர் உந்தல், இடுப்பை விறைப்பாக வைத்துக்கொள்வது. உடலை 75 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டியிருக்கும்போது முதல் 25 சென்டிமீட்டரைக் குதிப்பு தந்துவிட்டால், வேலையில் மூன்றில் ஒரு பங்கு முடிந்துவிடும். மேலே எழும் வேகமும் கூடவே கிடைக்கிறது. பெரிய ஆள் சுறுசுறுப்பானவர் என்றால் சிறிய ஆளின் நுட்பம் பளிச்சென்று தெரியும். மந்தமான பெரிய ஆளோடு எப்பேர்ப்பட்ட நுட்ப மல்லரும் திணறிப் போவார்.

நுட்ப மல்லர்கள் ஏன் எப்போதும் காலையே குறிவைக்கிறார்கள் என்று கேட்பதுண்டு. அந்தக் கதை நம்பும்படி இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. குதித்து இறங்கும்போது முழங்கால் மூட்டு உடல் எடையைப் போலப் பல மடங்கைத் தாங்குகிறது. 177 கிலோ ஆளின் பாய்ச்சல், சுழற்சி எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. காலைப் பிடித்து இழுத்தால் அது நீளமான நெம்புகோலும் ஆகிவிடும். பிரெட்டின் புகழ்பெற்ற ‘ஷார்ப்ஷூட்டர்’ பிடியில் எதிராளி குப்புறக் கிடக்க, அவருடைய இரு கால்களும் பிரெட்டின் காலைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும். பிரெட் பின்னால் சாய்ந்து அமர்ந்ததும் அவருடைய எடையே வேலை செய்யத் தொடங்குகிறது; கைவலு பெரிதாகத் தேவையில்லை.

இந்த ஒத்திசைவு சற்றே பிசகினால் என்ன ஆகும் என்பதையும் பிரெட்டின் வாழ்க்கையிலேயே பார்க்கலாம். தன்னோடு மோதிய எவரையும் பெரிதாகக் காயப்படுத்தியதில்லை என்று பெருமையோடு சொல்பவர் அவர். 1999 டிசம்பரில் கோல்ட்பெர்க் என்ற பலசாலியோடு நடந்த போட்டியில், ஓர் உதை அவருடைய தலையில் விழுந்தது. மண்டையோடு சட்டென அசையும்போது உள்ளே இருக்கும் மூளை அதே வேகத்தில் உடன் வருவதில்லை. அந்த மூளை அதிர்ச்சிக்குப் பிறகு, 2000-இல் அவர் முழுநேர மல்யுத்தத்திலிருந்து விலக வேண்டியதாயிற்று.

டேட்டனுக்குத் திரும்புவோம். பிகிலோவின் தரப்பைச் சேர்ந்த லூனா வஷான் என்ற பெண் நாற்காலியால் பிரெட்டைப் பின்னாலிருந்து அடிக்க, பிகிலோ மேலிருந்து பாய, அவர் வென்றதாக அறிவிப்பும் வந்துவிட்டது. இன்னொரு நடுவர் வந்து நடந்ததைச் சொன்ன பிறகு போட்டி தொடர்ந்தது. முடிவில் பிரெட் எடுத்தது ‘விக்டரி ரோல்’. எதிராளியின் தோள்மேல் ஏறி முன்னோக்கி உருளும் உத்தி.

பிகிலோ தனியாக நிற்கும்போது ஈர்ப்புமையம் சுமார் 1.1 மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று கொள்வோம். 107 கிலோ தோளில் ஏறியதும் இருவருக்கும் பொதுவான மையம் ஏறக்குறைய 1.4 மீட்டருக்கு உயர்கிறது. தாங்கும் பாதங்கள் அதே இரண்டுதான். மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு கால்விரல்களைத் தாண்டாதவரை ஆள் நிற்பார். நடுப்பாதத்திலிருந்து விரல் நுனிக்கு 15 சென்டிமீட்டர் இருக்கலாம். மேலே இருக்கும் பிரெட் தன் உடலை 50 சென்டிமீட்டர் முன்னே சாய்த்தால், பொது மையம் 19 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். விரல்களைத் தாண்டியாயிற்று. இனி இருவரையும் கவிழ்ப்பது இருவரின் கூட்டு எடையேதான்.

அந்த ஒரு நொடியில் பிகிலோவுக்கும் வேலை இருக்கிறது. தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, கழுத்தில் எடை இறங்காமல் தோள்பட்டைகளில் உருள வேண்டும். மேலே இருப்பவரின் கழுத்தும் அவருடைய கணக்கில்தான். பெரிய உடல் உருண்டு மல்லாந்தது, தோள்கள் இரண்டும் கித்தானில் பதிந்தன, நடுவரின் கை மூன்று முறை தரையைத் தட்டியது.