அடிச்சவ்வைத் தாண்டும் வரை

வாய்ப்புற்று எப்படி வளர்கிறது என்பதை நல்ல திசுவிலிருந்து தொடங்கிப் பார்ப்போம். கன்னத்தின் உட்புறத் திசுவை மெல்லிய சீவலாக எடுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், செல்கள் அடுக்கடுக்காக ஒழுங்காய்த் தெரியும். அடிப்பகுதிச் செல்கள்தான் பிரிந்து பெருகும். புதியவை மேலேறி, தட்டையாகி, உதிரும். அந்த அடிவரிசையைத் தாங்குவது அடிச்சவ்வு. அதற்குக் கீழேதான் ரத்தக்குழாய்களும் நிணநீர்க் குழாய்களும்.

புகையிலை, பாக்கு, மது ஆகியவை ஆண்டுக்கணக்கில் படப்பட இந்த ஒழுங்கு குலைகிறது. உட்கரு பருத்துக் கறுக்கிறது. கோளாறு கீழ் மூன்றில் ஒரு பங்கோடு நின்றால் லேசான பிறழ்வளர்ச்சி, அதாவது புற்றுக்கு முந்தைய கோளாறு. மேலேற மேலேறத் தீவிரம். வெளியே அது வெள்ளைத் திட்டாகவோ சிவப்புத் திட்டாகவோ தெரியும். சிவப்பைச் சாதாரணப் புண் என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அதுதான் அதிக ஆபத்தானது. இரண்டு வாரமாகியும் ஆறாத எதையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இந்தக் கட்டத்திலேயே உடல் விழித்துக்கொள்கிறது. மேலடுக்குகளுக்குள் கிளைவிரித்து நிற்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் என்னும் காவல் செல்கள், மாறிப்போன புரதத் துணுக்குகளை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய் டி செல்கள் என்ற வெள்ளணுக்களிடம் காட்டுகின்றன. அடிச்சவ்வின் கீழே லிம்போசைட்டுகள் (டி செல்கள் அடங்கிய வெள்ளணு வகை) கருநீலப் புள்ளிகளாக மொய்ப்பதைச் சீவலிலேயே பார்க்கலாம். அவற்றில் சிடி8 வகை டி செல்கள், கெட்ட செல்லின் சவ்வில் துளையிட்டு அதைக் கொல்கின்றன.

அப்படியானால் புற்று எப்படி வளர்கிறது? கூட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதுதான் விடை. தப்பிப் பிழைத்த செல்கள் பிடி-எல்1 என்ற புரதத்தை மேலே ஏந்துகின்றன. டி செல்லின் மேலுள்ள பிடி-1 என்ற புரதம் அதில் பொருந்தியதும் தாக்குதல் அடங்கிவிடுகிறது. மேக்ரோபேஜ்கள் என்னும் விழுங்கும் செல்களின் கதை இன்னும் வேதனையானது. காயத்தில் கிருமியை விழுங்குவதும், பிறகு புண்ணை ஆற்றுவதும் அவற்றின் வேலை. புற்று அவற்றை அந்த ஆற்றும் வேலையிலேயே நிறுத்திவைக்கிறது. அவை புது ரத்தக்குழாய்களை வளர்த்துவிடுகின்றன, டி செல்களை அடக்குகின்றன, திசுவைத் தாங்கும் கொலாஜன் புரதத்தைக் கரைக்கும் நொதிகளையும் சுரக்கின்றன. அடிச்சவ்வு அங்கங்கே அரிக்கப்படுகிறது. அந்த இடைவெளியில் புற்றுச்செல்கள் இறங்கிவிட்டால் கழுத்து நிணநீர்க் கணுக்கள் தொலைவில் இல்லை.

பிடி-1ஐ 1992இல் கண்டறிந்தது ஜப்பானின் தசுகு ஹோஞ்சோ குழு. அவருக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. பிடி-1உம் பிடி-எல்1உம் பொருந்துவதைத் தடுக்கும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் மருந்துகள், திரும்ப வந்த அல்லது பரவிய தலை-கழுத்துப் புற்றுக்கு 2016 முதல் அமெரிக்க அனுமதியுடன் பயன்படுகின்றன. எல்லோருக்கும் அவை பலிப்பதில்லை. டி செல்கள் விளிம்பிலேயே நின்றுவிட்ட கட்டிகளைவிட, உள்ளே நுழைந்திருக்கும் கட்டிகளில் பலிக்கும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் ஆய்வாளர்கள் அந்தக் கருநீலப் புள்ளிகளை எண்ணுவதோடு நிற்காமல், எங்கே நிற்கின்றன என்றும் குறித்துக்கொள்கிறார்கள்.