ரத்தம் நின்னுச்சுன்னா மருந்து பாஸ் ஆயிடுச்சுன்னு யார் சொன்னது?

மறுபடியும் ஒரு கால் கேஸ். செம்பனை குலை வெட்டுற அண்ணன் ஒருத்தர், சாபிட் (குலை வெட்டுற அரிவாள்) வழுக்கி கணுக்காலுக்கு மேல வெட்டிருச்சு, உடனே ஓரத்துல இருந்த காப்பால் தெர்பாங்ங்கிற களைச்செடி இலைய கசக்கி வச்சு துணியால இறுக்கிக் கட்டிட்டு மிச்ச வேலையையும் முடிச்சிட்டுதான் வீட்டுக்கே போயிருக்காரு. நாலஞ்சு நாள் கழிச்சு மலேசியா, சுங்கை சிப்புட்ல எங்க கிளினிக்குக்கு வந்தப்ப காயத்த விட சுத்தியிருந்த தோல்தான் மோசம், கொப்புளம், நீர் வடியுது, ஒரே அரிப்பு. "இலை மேல பழி போடாதீங்க தம்பி, வச்சவுடனே ரத்தம் நின்னுச்சுல்ல"ன்னு என்கிட்டயே சண்டை.

சரி, நின்னுச்சு. எது நிறுத்துச்சு? இலைய வச்சு கையால அமுக்குனீங்க, இறுக்கிக் கட்டுனீங்க. சின்ன வெட்டு எதுவா இருந்தாலும் பத்து நிமிஷம் விடாம அமுக்குனா தானா நிக்கும், இலைக்கு பதிலா நாசி லெமாக் கட்டுன பேப்பர வச்சு அமுக்கியிருந்தாலும் நின்னிருக்கும். காப்பித்தூள், சுருட்டுத்தூள் கதையெல்லாம் இதேதான். இலை வேலை செய்யுதான்னு தெரியணும்னா ஒரே மாதிரி வெட்டு, ஒரே மாதிரி அமுக்கல், ஒண்ணுல இலை, இன்னொண்ணுல வெறும் துணி, கையில கடிகாரம். தன் கைய கீறி எண்ணெய் தடவிப் பாத்துட்டு "டெஸ்ட் பண்ணிட்டேன்"னு பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தையில) பாட்டில் விக்கிற தம்பிங்களுக்கும் இதத்தான் சொல்றேன், MAL நம்பர் (மருந்துக்கு அரசாங்கம் குடுக்குற பதிவு நம்பர்) இல்லாம விக்கிறது வேற தப்பு. டியூப்ல இருக்குற ரத்தத்துல சாற ஊத்துனா கட்டி கட்டியா ஆவும், வீடியோவுக்கு நல்லா இருக்கும், ஆனா துவர்ப்புள்ள எந்தச் சாறும் ரத்தத்துல இருக்குற புரதத்த திரிய வைக்கும், அது நிஜ உறைவு கிடையாது.

இலைய நான் கேவலமா பேசல. வியட்நாம்ல இதே செடியோட சாறுல யூப்போலின்னு களிம்பே செஞ்சு காயத்துக்கும் தீப்புண்ணுக்கும் போடுறாங்க. ஆனா அது சுத்தம் பண்ணி அளவு பாத்து செஞ்ச களிம்பு. நீங்க பறிக்கிறது தோட்டத்துக்காரன் களைன்னு சொல்லி மருந்து அடிக்கிற செடி! பாரக்குவாட்ங்கிற களைக்கொல்லிய மலேசியாவுல 2020ல தடை பண்ணியாச்சு, மத்த களைக்கொல்லியெல்லாம் இன்னும் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கான். அது மேல எலி மூத்திரம், மண்ணு.

தோலுக்கு ஆபத்தில்லையான்னு பாக்குறது தனி டெஸ்ட், ரத்தம் நிக்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சந்தேகப்படுற பொருள முதுகுல ஒட்டி 48 மணி நேரம் விட்டு எடுத்துப் பாப்பாங்க, ரெண்டு நாள் கழிச்சு திரும்பவும் பாப்பாங்க, ஏன்னா அலர்ஜி லேட்டாத்தான் வரும். "முன்னாடி வச்சப்ப ஒண்ணும் ஆவலயே"ங்கிறது ஆதாரமே இல்ல, முதல் தடவை உடம்பு அத அடையாளம்தான் வச்சிக்கும், அடுத்த தடவைதான் கொப்புளம். இந்தச் செடி சாமந்தி குடும்பம், சாமந்தி மாலை கட்டுனா கை அரிக்கிறவங்க கிட்டயே போவாதீங்க. இன்னொண்ணு, நல்ல தோல்ல பாஸ் ஆனது திறந்த காயத்துலயும் பாஸ்னு அர்த்தம் இல்ல.

வெட்டுப்பட்டா சுத்தமான துணிய வச்சு அமுக்குங்க, நடுவுல தூக்கி எட்டிப் பாக்காதீங்க, கைகால உயர்த்தி வைங்க. ரத்தம் நின்னதும் குழாய்த் தண்ணியில லேசா கழுவுங்க. பீச்சி அடிச்சா அமுக்கின கைய எடுக்காம 999க்கு (ஆம்புலன்ஸ்) கூப்பிடுங்க. செம்பனை முள்ளு உள்ள உடைஞ்சிருந்தா நோண்டாம வாங்க, மூட்டுல தங்கிச்சுன்னா மாசக்கணக்கா வீங்கும். அழுக்குக் காயம்னா கடைசி ஏடிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு அஞ்சு வருஷத்துக்கு மேல ஆயிருந்தா திரும்பப் போடணும். இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) உள்ளவங்க, ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க, தயவு செஞ்சு அன்னைக்கே வந்துருங்க.

வீட்டுல பெரியவங்க இலை வச்சிட்டாங்கன்னா வர்ற வழியில கழுவிட்டு மறைக்காதீங்க. என்ன இலைன்னு தெரிஞ்சா எங்களுக்கு வேலை சுலபம், ஒரு கொத்த பிளாஸ்டிக் பையில போட்டு எடுத்துட்டு வாங்க, திட்ட மாட்டேன்.